காரை நிறுத்தும் தட்டுக்கு ஏற்ற உலோகம் எது?

மும்பையில் இருந்து புனேக்குக் காரில் போய்த் திரும்புகிறவர்களுக்குக் கண்டாலா மலை இறக்கம் நன்றாகத் தெரியும். லோனாவாலாவைத் தாண்டியதும் சாலை சரியத் தொடங்கும். வளைவுக்கு மேல் வளைவு. முன்னால் சரக்கு லாரி ஊர்ந்து கொண்டிருக்கும். டிரைவரின் கால் பிரேக்கை விட்டு எடுபடாது. பாதி இறக்கத்தில் ஒரு நெடி மூக்கில் ஏறும். எரிந்த ரப்பர் போலவும் இருக்கும், கருகிய பிசின் போலவும் இருக்கும். "இன்ஜின் சூடாகி விட்டதா?" என்று பின் சீட்டில் இருப்பவர் கேட்பார். இன்ஜின் அல்ல. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் பேடு கருகுகிறது.

அந்த நெடிக்குப் பிறகும் டிரைவர் விடாமல் மிதித்துக் கொண்டே இறங்கினால், ஒரு கட்டத்தில் பெடல் தலையணையை மிதிப்பது போல உள்ளே போய்விடும். வண்டி நிற்காது. மலைப்பாதை விபத்துச் செய்திகளில் "பிரேக் பிடிக்கவில்லை" என்று ஒரு வரி வருகிறதே, சில விபத்துகளில் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

பிரேக் என்றதும் காலால் மிதிக்கும் பெடல்தான் பலருக்கு நினைவு வருகிறது. காரை உண்மையில் நிறுத்துவது பெடல் அல்ல. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு வட்டத் தட்டும், அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு பேடுகளும்தான். தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். பேடுகளைத் தாங்கி அழுத்தும் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். தட்டை எதில் வார்ப்பது, பேடை எதைக் கலந்து செய்வது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகிறார்கள்.

பத்து கட்டிங் சாய்

முதலில் ஒரு கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. திடீரென்று முழு பிரேக் போட்டால் சுமார் 4 விநாடியில் நின்று விடும். அந்த ஓட்டத்தில் இருந்த சக்தி எங்கே போயிற்று? எங்கும் மறைந்து விடவில்லை. அத்தனையும் வெப்பமாக மாறித் தட்டிலும் பேடிலும் ஏறி விட்டது.

அந்த வெப்பத்தைக் கொண்டு குழாய்த் தண்ணீர் ஒன்றேகால் லிட்டரைக் கொதிக்க வைத்து விடலாம். மும்பைக் கணக்கில் சொன்னால் பத்துப் பன்னிரண்டு கட்டிங் சாய்! அதுவும் 4 விநாடியில். குதிரைச் சக்தியாகக் கணக்கிட்டால் சுமார் 130 குதிரைச் சக்தி. பல சின்னக் கார்களின் இன்ஜினுக்கே அவ்வளவு சக்தி கிடையாது. காரில் மிகவும் பலம் வாய்ந்த பாகம் இன்ஜின் அல்ல, பிரேக் என்று சொன்னால் தவறில்லை.

வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 50 கி.மீ. வேகத்தில் நிறுத்துவதற்கும் 100 கி.மீ. வேகத்தில் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பிரேக் போட்டதும் கார் முன்பக்கம் குனிகிறது அல்லவா? அதனால் முன் சக்கரங்களுக்கே வேலை அதிகம். ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு அங்கேதான். முன் தட்டு ஒவ்வொன்றும் 5 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக் கொண்டால், ஒரு முறை நின்றதற்கு அதன் சூடு சுமார் 60 டிகிரி ஏறும். இது பெரிய விஷயம் இல்லை. அடுத்த சிக்னல் வருவதற்குள் ஆறி விடும்.

மலை இறக்கம் அப்படியல்ல. கண்டாலாவில் கார் 500 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. 1,000 கிலோ கார் 500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 100 கி.மீ. வேகத்தில் பன்னிரண்டு பதின்மூன்று முறை அடுத்தடுத்து நிறுத்தியதற்குச் சமம். அத்தனையையும் பிரேக்கே தாங்கி, கொஞ்சமும் வெளியே விடாமல் வைத்துக் கொண்டால் முன் தட்டுகள் 600 டிகிரிக்கு மேல் போய்விடும். இரும்பு இருட்டில் செக்கச் சிவக்கத் தெரியும் சூடு அது! காற்று ஓரளவு ஆற்றி விடுகிறது; டிரைவர் இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே பாதி வேலையைச் செய்து விடுகிறது. அதனால்தான் தினந்தோறும் இத்தனை வண்டிகள் பத்திரமாகக் கோபோலி வந்து சேருகின்றன. நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற சாமர்த்தியசாலிகள், அந்த வெப்பம் முழுவதையும் 5 கிலோ இரும்பின் தலையில் கட்டுகிறார்கள்.

ஆகவே தட்டுக்கு உலோகம் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எவ்வளவு பலம்?" என்பதல்ல. "இதில் ஏறும் சூடு எங்கே போகும்?" என்பதுதான்.

பழைய பூட்சும் செம்பும்

1890-களில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சாலைகளில் குதிரை வண்டிக்காரர்கள், சரிவில் இறங்கும்போது மரப் பிரேக் கட்டையில் பழைய பூட்சைக் கட்டி வைப்பார்களாம். தோல், மரத்தை விட நன்றாகப் பிடிக்கும். இதைக் கவனித்த ஹெர்பர்ட் புரூட் என்பவர், பிரேக்குக்கு என்றே தனிப் பொருள் செய்யலாமே என்று 1897-இல் தொழில் தொடங்கினார். பெரோடோ என்ற பெயர் அவர் வைத்ததுதான்.

தட்டு வடிவ பிரேக்கும் பழையதே. பர்மிங்காமைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்று விட்டார். ஆனால் அவர் பேடுக்குச் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தோடு உலோகம் உரசியதும் எழுந்த கிறீச்சிடும் ஓசையைத் தெருவே நின்று கேட்டிருக்க வேண்டும்! செம்பும் சீக்கிரம் தேய்ந்தது. நல்ல யோசனை, பொருள்தான் சரியில்லை. அதனால் தட்டு பிரேக் அரை நூற்றாண்டு தூங்கியது.

அதற்குள் டிரம் பிரேக் உலகத்தைப் பிடித்துக் கொண்டது. மும்பையில் பல பத்தாண்டுகள் ஓடி, 2023 அக்டோபரில் விடைபெற்ற பிரீமியர் பத்மினி டாக்சியை நினைத்துப் பாருங்கள். டிரம் ஒரு மூடிய சட்டி. உள்ளே இருந்து ஷூ விரிந்து சட்டியின் சுவரை அழுத்தும். சூடேறினால் சட்டி வெளிப்புறமாக விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே போன தண்ணீரும் சுலபத்தில் வெளியேறாது. தட்டின் சங்கதி நேர்மாறு. சூடேறினால் தட்டு தடிமனாகிப் பேடை நோக்கியே வரும். திறந்த வெளியில் சுற்றுவதால் காற்றும் படும், தண்ணீரும் தெறித்து ஓடும்.

1953-இல் பிரான்ஸ் நாட்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கொண்ட ஜாகுவார் கார் வெற்றி பெற்றது. டிரம் வைத்த எதிரிகளை விட வளைவுக்கு மிக அருகில் வரும் வரை வேகத்தைக் குறைக்காமல் வர முடிந்ததே அதன் பலம். இரண்டு ஆண்டு கழித்து, 1955-இல், சிட்ரோன் டி.எஸ். என்ற கார் முன் சக்கர டிஸ்க்குடன் விற்பனைக்கு வந்தது. பிறகு அது ஊருக்கெல்லாம் பரவியது.

டங் அல்ல, டொக்!

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. இன்றும் உலகில் பெரும்பாலான கார்களின் தட்டு சாதாரணச் சாம்பல் நிற வார்ப்பிரும்புதான். பம்பு உடம்பும் லேத் படுக்கையும் எதில் வார்க்கிறார்களோ, அதே இனம். கோயம்புத்தூரிலும் கோலாப்பூரிலும் பவுண்டரியில் வேலை பார்த்தவர்களுக்குக் கைப்பழக்கமான பொருள்.

பார்வைக்கு இது மட்டமான உலோகம். சுத்தியலால் ஓங்கி அடித்தால் உடையும், வளையாது. இழுத்தால் எஃகில் பாதி பலம்கூட இல்லை. பிறகு ஏன் இதையே பிடித்துக் கொண்டிருக்கிறார்கள்?

ரகசியம் அதில் இருக்கும் கரியில் உள்ளது. இந்த இரும்பில் மூன்றரை சதவீதம் அளவுக்குக் கரி இருக்கிறது. உருக்கிய இரும்பு ஆறும்போது அந்தக் கரி கிராபைட்டாகப் பிரிந்து, மெல்லிய செதில்களாக உலோகம் முழுவதும் படர்ந்து விடும். பென்சில் முனையில் இருப்பதும் கிராபைட்தான். இந்தச் செதில்கள் பல வேலைகள் செய்கின்றன. சூட்டை மளமளவென்று கடத்துகின்றன. உரசும் முகத்தில் இலேசாக எண்ணெய் இட்டது போல இருந்து, தட்டும் பேடும் ஒன்றை ஒன்று கவ்விப் பிய்த்துக் கொள்ளாமல் பார்த்துக் கொள்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தத்தை விழுங்குகின்றன.

எஃகுத் தகட்டைத் தட்டினால் "டங்" என்று நீளமாக ஒலிக்கும். சாம்பல் வார்ப்பிரும்பைத் தட்டினால் "டொக்" என்று நின்று விடும். அந்த "டொக்"தான் வேண்டும். இல்லாவிட்டால் சிக்னலுக்குச் சிக்னல் ஒவ்வொரு காரும் கோவில் மணி போல ஒலித்துக் கொண்டிருக்கும்.

பவுண்டரியில் எப்.ஜி. 200, எப்.ஜி. 220, எப்.ஜி. 260 என்று தரம் சொல்வார்கள். எண் கூடினால் இழுவைப் பலம் கூடும். விவரம் தெரியாதவர் எண் பெரிதாக உள்ளதே உயர்ந்தது என்று நினைப்பார். பிரேக் தட்டில் அப்படிச் சொல்ல முடியாது. கரியைக் கூட்டினால் பலம் குறையும், ஆனால் சூடு கடத்தும் திறனும் சத்தத்தை அடக்கும் திறனும் கூடும். ஆகவே பலத்தைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்துக் கரியைக் கூட்டிய தட்டுகளையே சில கனமான கார்களுக்குப் பொருத்துகிறார்கள். பலசாலியை விட, சூட்டைத் தாங்கிக் கொண்டு நிதானமாக இருப்பவனே இங்கே தேவை.

இன்னொரு வசதி, வார்ப்பது சுலபம். பெரும்பாலான கார்களின் முன் தட்டை ஓரமாகப் பார்த்தால், இரண்டு தட்டுகளை ஒட்டி நடுவில் காற்றுப் போக வழி விட்டது போலத் தெரியும். சக்கரம் சுற்றும்போது அந்த வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டு வெளியே வீசப்படும். மணல் அச்சு வைத்து இதை ஒரே வார்ப்பில் எடுத்து விடலாம்.

குறையும் உண்டு. கனம் ஒன்று, துரு இன்னொன்று. ஜூலை மாத மழையில் இரவு முழுதும் நின்ற காரின் தட்டு காலையில் செம்மஞ்சளாக நிற்கும். புதுக் கார் வாங்கியவர்கள் பதறிப் போகிறார்கள். பதற வேண்டாம். நாலு முறை பிரேக் போட்டால் பேடே அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடும்.

எவர்சில்வர் முதல் டைட்டானியம் வரை

"மோட்டார் சைக்கிள் டிஸ்க் துருப்பிடிப்பது இல்லையே?" என்று கேட்கலாம். அது எவர்சில்வர். பைக்கின் தட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வெளியே இருப்பதால் துரு அங்கே அழகைக் கெடுக்கும். மேலும் பைக்குக்கு மெல்லிய தட்டு வேண்டும். மெல்லியதாக இருந்தால் வார்ப்பிரும்பு உடைந்து விடும். ஆனால் இது சமையலறை டம்ளர் எவர்சில்வர் அல்ல. டம்ளரில் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. பைக் டிஸ்க்கில் ஒட்டும். கத்தி செய்யும் எவர்சில்வருக்கு இது பங்காளி. சூடு கடத்துவதில் வார்ப்பிரும்பில் பாதிதான். பைக்கின் எடை குறைவு, தட்டில் துளைகளும் நிறைய. அதனால் சமாளித்துக் கொள்கிறது. கனமான காருக்கு இது போதாது.

அலுமினியம்? இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை. சூடு கடத்துவதில் மூன்று மடங்கு கெட்டி. ஆனால் 660 டிகிரியில் உருகியே போய்விடும். அதற்கு வெகு முன்பே இளகி விடும். கண்டாலாக் கணக்கை மறுபடி பாருங்கள். அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு தூளைக் கலந்து கெட்டியாக்கிய தட்டு, 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் என்ற சின்னப் பந்தய ரகக் காரில் பொருத்தப்பட்டது. மிக இலேசான கார் என்பதால் அங்கே அது செல்லுபடியாயிற்று. சில ஆண்டுகளில் அந்தக் காரும் வார்ப்பிரும்புக்கே திரும்பியது.

டைட்டானியம் என்றால் எல்லோருக்கும் ஒரு மயக்கம். விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் ஆகிற உலோகம் ஆயிற்றே! இலேசு, பலம், துரு இல்லை. ஆனால் சூட்டைக் கடத்தவே கடத்தாது என்று சொல்லும்படி, வார்ப்பிரும்பில் ஏழில் ஒரு பங்குதான் கடத்தும். உரசும் முகத்திலேயே சூடு தேங்கி நிற்கும். விலை உயர்ந்தது என்பதற்காக ஒரு பொருள் எல்லா இடத்துக்கும் பொருந்தி விடாது.

பந்தயக் கார்களிலும் பெரிய விமானங்களிலும் கரி நார்த் தட்டு இருக்கிறது. 1,000 டிகிரியையும் தாங்கும். ஆனால் நன்றாகச் சூடான பிறகுதான் பிடிக்கும். காலையில் பால் பாக்கெட் வாங்கக் கிளம்பும் கார், தெருமுனையில் நிற்காமல் போனால் என்ன ஆவது? இந்தக் குறையைத் தீர்க்கக் கரியோடு பீங்கான் இனப் பொருளைச் சேர்த்துச் செய்த தட்டை 2001-இல் போர்ஷ் கார்களில் கொண்டு வந்தார்கள். நல்ல பொருள். துருவும் இல்லை, தேய்மானமும் குறைவு. ஒரு செட் பல லட்சம் ரூபாய். அந்தக் காரை வாங்குகிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்!

ரயிலுக்கும் வந்த தட்டு

ரயில் பயணிகளுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பழைய பெட்டிகளில் பிரேக் கட்டை நேராகச் சக்கரத்தின் முகத்தையே அழுத்தும். முன்பு அந்தக் கட்டையும் வார்ப்பிரும்பு. வேகம் கூடக் கூட அதன் பிடிமானம் குறையும். அதனால் பிசினும் நாரும் கலந்த கட்டைகள் வந்தன. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் இருந்து வந்து, பிறகு கபுர்தலாவில் கட்டத் தொடங்கிய எல்.எச்.பி. பெட்டிகளில், சக்கரத்தைத் தொடாமல் அச்சிலேயே தட்டுகளைப் பொருத்தி விட்டார்கள். நமது பெரம்பூர் ஐ.சி.எப். 2018 ஜனவரியில் பழைய ரகப் பெட்டி கட்டுவதையே நிறுத்தி எல்.எச்.பி.க்கு மாறியது.

கர்ஜத் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது எல்லோரும் வடை வாங்குவதில் மும்முரமாக இருப்பார்கள். வண்டி அங்கே நிற்பது வடைக்காக அல்ல. 37 அடிக்கு ஒரு அடி ஏறும் போர் காட் மலைக்குப் பின்னால் இருந்து தள்ள இன்ஜின் சேர்க்கிறார்கள். அதே சரிவில் கட்டுப்பாடு இழந்து இறங்கும் வண்டியைத் திருப்பி விட்டு நிறுத்த ஏற்றமான தனித் தடங்களும் உண்டு. மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்பது ரயில்வேக்கு 1863-இல் இருந்தே தெரிந்த பாடம்.

பேடுக்குள் முந்திரி

தட்டு ஒரே உலோகம். பேடு அப்படியல்ல, அது ஒரு மசாலாக் கலவை. பத்துப் பதினைந்து பொருள்கள் இருக்கும். சூட்டில் இறுகும் பிசின், பலத்துக்கு நார், எடைக்கும் நிரப்பவும் பாரைட்ஸ் என்ற கனமான வெள்ளைக் கல் தூள், சூடு கடத்தச் செம்பு அல்லது எஃகுத் துகள், உராய்வைக் கட்டுப்படுத்தக் கிராபைட், கொஞ்சம் ரப்பர். இந்த வரிசையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் உண்டு. முந்திரி!

முந்திரிக் கொட்டையின் ஓட்டில் கை பட்டால் புண்ணாக்கும் ஓர் எண்ணெய் இருக்கிறதே, பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த எண்ணெயைக் கெட்டிப்படுத்தித் தூளாக்கிப் பேடில் கலக்கிறார்கள். பிடிமானம் சீராக இருக்கவும், கிறீச் ஒலி குறையவும் அது உதவுகிறது. மும்பைக்குப் பக்கத்துக் கொங்கணத்தின் முந்திரி ஓட்டிலும் இருப்பது இதே எண்ணெய்தான்.

இந்தக் கலவையில் பலவீனமான கண்ணி பிசின்தான். சுமார் 300 டிகிரியைத் தாண்டினால் அது கருகி வாயுவை வெளியிடத் தொடங்கும். கண்டாலாவில் மூக்கில் ஏறிய நெடி அதுவே. வாயு, தட்டுக்கும் பேடுக்கும் நடுவில் புகுந்து பிடிமானத்தைக் குறைக்கும். பெடல் கெட்டியாகவே இருக்கும். ஆனால் வண்டி நிற்க மறுக்கும்.

பெடல் மெத்தென்று உள்ளே போனால் அது வேறு கோளாறு. பிரேக் ஆயில் கொதித்து விட்டது என்று அர்த்தம். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும் குணம் கொண்டது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியே அதற்குக் குறைந்தபட்ச எல்லை. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மும்பை மழையில் இரண்டு ஆண்டு ஓடிய ஆயிலை மாற்றாமல் மலை இறங்குவது, விலை உயர்ந்த பேடு போட்டவருக்கும் ஆபத்துதான்.

ஊதும் காற்றில் விஷம்

பேடு விஷயத்தில் மிகவும் வருத்தமான அத்தியாயம் கல்நார். பல பத்தாண்டுகள் பிரேக் லைனிங்கிலும் பேடிலும் பெரும் பங்கு கல்நார்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஓடு என்றால் எல்லோருக்கும் தெரியும். தீப்பிடிக்காது, பலமான நார், விலை மலிவு. பிரேக்குக்கு இதை விட வேறென்ன வேண்டும் என்று இருந்தார்கள்.

தேயும் பேடு தூளாகிறது. சக்கரத்தைக் கழற்றியதும் அந்தக் கறுப்புத் தூளை ஏர் பைப்பால் "புஸ்" என்று ஊதி விடுவது மெக்கானிக் கடைகளில் கண்ட பழக்கம். ஏர் இல்லாவிட்டால் வாயால் ஊதுவது. அந்தத் தூளில் இருக்கும் கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. உடனே ஒன்றும் செய்யாது, அதுதான் கொடுமை. இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்து மூச்சு முட்டலாகவோ, புற்றுநோயாகவோ தலைகாட்டும். வேலை உடுப்பில் ஒட்டிக் கொண்டு வீட்டுக்கு வரும் தூள், அதைத் துவைக்கும் மனைவியையும் விட்டு வைப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் கல்நாருக்குத் தடை. அமெரிக்கா 2024 மார்ச்சில்தான் பிரேக் பாகங்கள் உட்பட வெள்ளைக் கல்நாருக்குத் தடை ஆணை பிறப்பித்தது. இந்தியாவில் முழுத் தடை வந்து விடவில்லை. ஆனால் 1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. தொழிலாளியின் உடல்நலம் அவனது அடிப்படை உரிமையில் சேர்ந்தது. கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. தொழிற்சாலைக்குச் சரி. சாலையோரக் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனுக்கு யார் பதிவு வைப்பது?

இன்று பெரிய கம்பெனிப் பேடுகள் கல்நார் இல்லாதவை என்று பெட்டியிலேயே அச்சிட்டு வருகின்றன. பெயரும் இல்லாமல், எதுவும் எழுதாமல் பிளாஸ்டிக் உறையில் தொங்கும் மலிவுப் பேடைக் கல்நார் உள்ளது போலவே பாவித்து ஒதுக்குவது நல்லது. பழைய வண்டியின் சக்கரத்தைக் கழற்றினால் ஊதக் கூடாது. தண்ணீரோ சோப்பு நீரோ தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். கடை முதலாளி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

கல்நாரை விட்ட பிறகும் தூள் விவகாரம் ஓயவில்லை. பேடில் உள்ள செம்பு மழைநீரில் கலந்து மீன்களைப் பாதிக்கிறது என்று அமெரிக்காவின் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் 2010-இலேயே சட்டம் செய்து அதைப் படிப்படியாகக் குறைக்க வைத்தன. 2024-இல் ஐரோப்பா ஏற்ற யூரோ 7 விதி, புகைக்கு மட்டுமல்ல, பிரேக் தூளுக்கும் அளவு வைக்கிறது. சாதாரணக் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். இதனால் வார்ப்பிரும்புத் தட்டின் மேல் கடினப் பூச்சு பூசும் முறைகள் இப்போது வருகின்றன. அடியில் இருப்பது அதே பழைய இரும்புதான்!

இரண்டு எழுத்துகள்

கடையில் பேடு வாங்கும்போது அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். எண்களுக்கு இடையில் எப்.எப். அல்லது ஜி.ஈ. என்பது போல இரண்டு ஆங்கில எழுத்துகள் பல பேடுகளில் அச்சாகி இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிமானம் எவ்வளவு என்பது. இரண்டாவது, நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பது. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை. எப் என்றால் 0.35 முதல் 0.45. ஜி என்றால் 0.45 முதல் 0.55.

எப்.எப். என்றால் சூட்டிலும் குணம் மாறாதது. ஜி.ஈ. என்றால் தெருவில் பிரமாதமாகப் பிடித்து, மலையில் கைவிடும். கடைக்காரர் "செம பிக்அப் சார், தொட்டால் நிற்கும்" என்று சொல்வது முதல் எழுத்தை மட்டும்தான். மலை ஏறி இறங்கும் டாக்சிக்காரர் இரண்டாவது எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும். எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை மட்டும் இந்த எழுத்துகள் சொல்லாது.

ஒரு சக்கரத்துக்கு மட்டும் பேடு மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலோ கிரீசோ ஊறிய பேடைத் துடைத்துப் பயன் இல்லை, எறிய வேண்டியதுதான். பேடு தேய்ந்து 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால் மாற்றும் நேரம். பல பேடுகளில் சின்ன எஃகு நாக்கு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்ததும் அது தட்டில் உரசிக் கீச்சிடும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி அந்தக் கீச்சை மறைக்கிற டிரைவர்களும் இருக்கிறார்கள்.

மலை இறங்கியதும் சக்கரத்தில் பக்கெட் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது இன்னொரு தவறான பழக்கம். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் தட்டு கோணலாகலாம், வெடிப்பும் விழலாம். பிறகு ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் ஸ்டீயரிங் நடுங்கும். கடைசி ஒரு கிலோமீட்டரை பிரேக் போடாமல் மெதுவாக ஓட்டி வந்தால் காற்றே ஆற்றி விடும்.

கோணலான தட்டை லேத்தில் போட்டு முகம் எடுக்கலாம். ஆனால் தட்டிலேயே குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால், சூட்டைத் தாங்க இரும்பு போதாது. லேத்காரர் "இன்னும் ஒரு கட்டிங் தாங்கும்" என்றாலும் கேட்கக் கூடாது. அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

கழித்துப் போட்ட தட்டுகள் குர்லா பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. எந்தக் கார், எவ்வளவு விலை என்ற பேச்சே கிடையாது. எல்லாம் கிலோ கணக்குதான். தராசில் ஏறி, லாரியில் ஏறி, மறுபடியும் ஏதோ ஒரு பவுண்டரியின் உலைக்குப் போய்விடும்.